பட்டியலில் இல்லாத லேத்

அத்தியாயம் 14

எட்டு மாதமாக அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்த பிள்ளை, போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் தானாக வெளியே வந்து, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, செல்போனைத் திருப்பிக் காட்டி, "அம்மா, இது ஒண்ணு வாங்கிக்கட்டா?" என்று கேட்டான் அல்லவா? மங்கையர்க்கரசி இன்னும் அந்த மேஜையிலேயேதான் இருக்கிறாள். இன்றைக்குச் சனிக்கிழமை ஆகிவிட்டது.

போனில் இருந்தது ஒரு குட்டி லேத். இரும்பையும் பித்தளையையும் சுழலவிட்டுச் சீவுகிற கடைசல் மெஷின். மேஜைமேல் வைத்துக்கொள்ளும் அளவு. மங்கைக்கு முதலில் அது ஊசி இல்லாத தையல் மெஷினாகத்தான் தெரிந்தது. எதுவாக இருந்தால் என்ன? ராகேஷ் வாயைத் திறந்து ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறான். கம்ப்யூட்டர் கம்பெனியில் ஒரே நாளில் இருநூறு பேரை வீட்டுக்கு அனுப்பியபோது இவனும் ஒருவனாக வந்து நின்றவன். மூன்று மாதம் இன்டர்வியூ இன்டர்வியூவாக அலைந்துவிட்டு, ஒருநாள் பரவாயில்லை என்பதைத் தெலுங்கில் "பர்வாலேதும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவன். யானை வேண்டும் என்று கேட்டிருந்தாலும் மங்கை சரி என்றிருப்பாள்.

அவள் செய்த ஒரே தப்பு, அந்தச் சந்தோஷத்தை வீட்டுக்காரரிடம் சொன்னதுதான்.

ஜெகநாதனைத் தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டாம். புதிதாக வந்திருப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மனிதர் முப்பத்தொரு வருஷம் ஓர் அரசுத் தொழிற்சாலையின் பர்ச்சேஸ் டிபார்ட்மென்டில் இருந்தவர். குண்டூசி முதல் கிரேன் வரை வாங்கிப் போட்டவர். வாங்கியதில் ஒன்றையாவது தொட்டு ஓட்டிப் பார்த்தாரா என்றால் இல்லை. மூன்று பேரிடம் கொட்டேஷன் கேட்டு, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, கோடு போட்டு, கீழே கையெழுத்துப் போடுவார். இந்தக் குஷாய்குடா வீட்டுக்கு மிக்ஸி வாங்கியதும் அப்படித்தான். மூன்றாவது கொட்டேஷன் வருவதற்குள் மங்கை ஒன்றரை மாதம் பக்கத்து வீட்டில் சட்னி அரைத்துக்கொண்டு வந்தாள்.

ரிட்டயராகி நாலு வருஷம். கேஸ் சிலிண்டரைத் தவிர வாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் வாடிப்போயிருந்தவர், லேத் என்ற வார்த்தையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். மறுநாள் காலை ஐந்து மணிக்கே எழுந்து குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, "ஜெகநாதன் பேசறேன்" என்று பழைய ஆபீஸ் குரலில் போன் போட ஆரம்பித்துவிட்டார். மூன்று நாளில் நீளமான ஒரு தாள் தயாராகிவிட்டது. ஒப்பீட்டுப் பட்டியல்.

சனிக்கிழமை காலை அந்தத் தாள் பச்சைப்பயறு பெசரட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் விரிந்தது.

மங்கை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். ராகேஷ் ஷேவ் பண்ணியிருந்தான். மோவாயில் ஒரு சின்ன வெட்டு. எத்தனை மாசம் கழித்து அந்த முகத்தை முழுசாகப் பார்க்கிறாள்! பேசினால் எங்கே கலைந்துவிடுமோ என்று பயந்து பெசரட்டை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்தாள்.

"ரெண்டு பார்ட்டிகிட்டேருந்து கொட்டேஷன் வந்தாச்சு" என்றார் ஜெகநாதன். "மூணாவது பாலாநகர் பார்ட்டி. திங்கக்கிழமை அனுப்பறேன்னான். இன்னிக்கு நாம ராணிகஞ்ச் போறது சும்மா இன்ஸ்பெக்‌ஷனுக்குத்தான். மோட்டார் பவர்ல முதல் பார்ட்டி மேல."

"மோட்டார் அவ்ளோ முக்கியமில்லப்பா. வெயிட்டுதான் பாக்கணும்."

"வெயிட்டா? லைட்டா இருந்தாதானே நல்லது? தூக்கி வெக்க?"

"லைட்டா இருந்தா வெட்டும்போது ஆடும்ப்பா. ஆடிச்சுன்னா சீவுன இடமெல்லாம் அலை அலையா வரும். அப்புறம் உள்ள கியரு பிளாஸ்டிக்கா, மெட்டலான்னு கேட்டீங்களா? பிளாஸ்டிக்னா கொஞ்சம் ஆழமா வெட்டினாலே பல்லு போயிரும்."

ஜெகநாதன் பேனாவை எடுத்தார். "இது ஸ்பெசிஃபிகேஷன்லயே இல்லையே. சேத்துக்கறேன்."

"சேருங்க."

அடுப்படியில் மங்கை விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு வாக்கியம். ஒரே மூச்சில் ஏழு! கல்லில் பெசரட்டு கருகுவதைக்கூடக் கவனிக்கவில்லை.

"சரி, இத வெச்சு என்ன பண்ணப் போற?" என்றார் ஜெகநாதன்.

"தெரியலப்பா."

"தெரியலையா? பர்ப்பஸ்னு தாள்ல ஒரு கட்டம் இருக்குதுடா. காலியா விட முடியாது."

"ஏதாவது செஞ்சு பாக்கணும். கையால."

"ஏதாவதுன்னு எழுத முடியாதே. என்ன பார்ட்டு, எத்தனை, எதுக்கு? இப்படி நாலு வார்த்தை சொல்லு."

ராகேஷ் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நாலு வார்த்தை அவனிடம் இல்லை. மங்கை அடுப்பை அணைத்தாள். ஓடிவந்து, "ஹாபின்னு எழுதுங்களேன். எல்லாரும் அதானே சொல்றாங்க" என்றாள்.

ஜெகநாதன் பென்சிலால் 'ஹாபி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார்.

ஆட்டோவில் மூன்று பேரும் போனார்கள். ராகேஷின் செருப்பு எங்கே போயிற்றென்று யாருக்கும் தெரியவில்லை. எட்டு மாதமாகத் தேவைப்படாத செருப்பு. அப்பாவின் பழைய ஜோடியை மாட்டிக்கொண்டு வந்திருந்தான். மௌலாலி தாண்டியதும் வெயில் முகத்தில் அடிக்க, கண்ணை இடுக்கிக்கொண்டு கடைகளைப் பார்த்தபடி வந்தான். "அட, இந்த டிபன் கடைய மூடிட்டாங்களா?" என்றான். ஆமாம் என்றாள் மங்கை. அது மூடி ஆறு மாசம் ஆகிறது.

ராணிகஞ்சில் மெஷின் கடைகள் இருக்கும் சந்தில் நூர் முகமதுவின் கடை. பூர்வீகம் வாணியம்பாடி, நாற்பது வருஷமாக இங்கேதான். வாசலில் இரண்டு புது லேத்துகள், சிவப்பும் நீலமுமாகப் பளபளவென்று, பட்டியலில் உள்ளபடியே நின்றன; இரண்டு பார்ட்டியின் மாடலும் இங்கே பார்க்கக் கிடைக்கும்.

"புதுசா கத்துக்கறவங்களா?" என்று ராகேஷைப் பார்த்துக் கேட்டார் நூர் முகமது. "ஹவ், சரி, அப்ப ஒண்ணே ஒண்ணு கேட்டுக்குங்க தம்பி. மெஷினே எல்லாம்னு நெனைக்காதீங்க. வெட்டற டூலு, அளக்கற சாமான், டூல கூர் போட ஒரு கல்லு. இது இல்லேன்னா மெஷினு சும்மா சுத்தும், அவ்ளோதான்."

"தெரியும் பாய். வீடியோல பாத்திருக்கேன்."

"வீடியோல பாத்தீங்க. கையில?"

"இல்ல" என்று சிரித்தான் ராகேஷ். சிரித்தான் என்பதை மங்கை மட்டும் கவனித்தாள். ஜெகநாதன் நீல மெஷினின் நீளத்தை டேப்பால் அளந்து, பட்டியலில் டிக் அடித்துக்கொண்டிருந்தார்.

ராகேஷ் சிவப்பு மெஷினின் கைச்சக்கரத்தைச் சுற்றினான். அது கால் சுற்று சும்மா போய், அப்புறம்தான் பிடித்தது. நீலத்தைச் சுற்றினான். அதுவும் அப்படியே. உதட்டைப் பிதுக்கினான். பிறகு அவன் பார்வை கடையின் உள்மூலைக்குப் போயிற்று. கோணிச்சாக்கு போர்த்தி ஏதோ ஒன்று இருந்தது.

"அது என்ன பாய்?"

"அது விக்கறதுக்கு வெச்சதுதான். பழசு. தார்நாகாவுல ஒரு சயன்டிஸ்ட் வீட்டு மாடியில இருந்துச்சு. பொழுதுபோக்குக்குக் கடிகாரச் சாமான் செஞ்சுகிட்டிருந்தாரு. மக அமெரிக்காவுல, அங்க போயிட்டாரு. நாலு பேரு சேந்து கீழ எறக்கினோம்."

சாக்கை நீக்கியதும், மங்கிய பச்சைப் பெயிண்டில் ஒரு குள்ள மெஷின். அழகு ஒன்றும் இல்லை. ராகேஷ் பக்கத்தில் போய்க் குனிந்தான். பொருளைக் கவ்விப் பிடிக்கும் சக்கு என்கிற பாகத்தை இரண்டு கையாலும் பற்றி மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. வெட்டுகிற டூலைத் தாங்கும் வண்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக ஓட்டினான். மறுபடி ஓட்டினான்.

"என்னடா பாக்கற?" என்றாள் மங்கை.

"சக்கு பக்கத்துலதாம்மா எப்பவும் வேல நடக்கும். ரொம்ப ஓடுன மெஷின்னா அங்க தேஞ்சு லூஸா இருக்கும், கடைசில டைட்டா இருக்கும். இது ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி போகுது. வண்டி ஓடற பெட்டு தேயவே இல்ல."

நூர் முகமது அவனை மேலும் கீழும் பார்த்தார். ஒரு பித்தளைத் துண்டை எடுத்து மாட்டி, பிளக்கைச் சொருகி, பாதுகாப்புக் கண்ணாடியை அவனிடம் நீட்டி, "முழுக்கைச் சட்டைய மடிச்சுக்குங்க தம்பி. ஒரு வெட்டு எடுங்க" என்றார்.

சத்தம் அதிகமில்லை. ராகேஷ் கைச்சக்கரத்தை மயிரிழை மயிரிழையாகச் சுற்றினான். பித்தளை பொடிப் பொடியாக, மினுக்கிக்கொண்டு சிதறியது. ஒரு நிமிஷமோ இரண்டு நிமிஷமோ. அதற்குள் அவன் கழுத்தெல்லாம் வியர்த்துவிட்டது. நிறுத்தி, துண்டைக் கழற்றி, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான். "சூடா இருக்கும்மா, பாத்து."

பாதி கறுப்பு, பாதி தங்கம். மங்கை அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"அஞ்சு வருஷம் வேல பாத்தேம்மா" என்றான் ராகேஷ் தாழ்ந்த குரலில். "என்ன செஞ்சேன்னு யாராவது கேட்டா எடுத்துக் காட்டறதுக்கு ஒண்ணுமே இல்ல."

எட்டு மாதமாக அவள் அந்தக் கதவுக்கு வெளியே நின்று கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் இந்தக் கடையில், கிரீஸ் வாசனைக்கு நடுவே வந்து விழுகிறது. "இதையே எடுத்துடலாம்டா" என்றாள்.

ஜெகநாதன் தாளோடு வந்தார். பச்சை மெஷினைப் பார்த்தார். தாளைப் பார்த்தார்.

"இது பட்டியல்ல இல்லையே."

"அப்பா, இது அது ரெண்டையும்விட நல்லா இருக்கு. வெயிட்டு டபுள் இருக்கும். கியரெல்லாம் இரும்பு."

"இருக்கலாம்டா. நான் இல்லேன்னு சொல்லல. பாய், இதுக்குப் பில்லு?"

"பில்லு ஏது சார்? செகண்ட் ஹாண்டு. அவரு வெச்சிருந்தாரு, நான் எடுத்தாந்தேன், நீங்க எடுத்துட்டுப் போறீங்க."

"கியாரண்டி?"

"நான் சொல்றேனே, அதான்."

"எழுதித் தருவீங்களா?"

"நக்கோ, வேணாம் சார். எழுதற யாவாரம் இல்ல இது." நூர் முகமது பொறுமையாகவே பேசினார். "ஆனா ஒரு விசயம். சர்லபள்ளி ஆளு ஒருத்தரு நேத்தே வந்து பாத்துட்டாரு. மத்தியானம் வண்டியோட வரேன்னு சொல்லியிருக்காரு. தம்பி கை வெச்ச விதம் எனக்குப் புடிச்சிருக்கு. வேணும்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. அட்வான்ஸுகூட நக்கோ. நான் அவருக்கு இல்லேன்னுடறேன்."

கடையில் எல்லோரும் ஜெகநாதனைப் பார்த்தார்கள். ஒரே ஒரு வார்த்தை. அவர் பேனாவின் மூடியைக் கழற்றி, மறுபடி மாட்டினார்.

"சொல்லுங்களேன்" என்றாள்.

"மங்கை, உனக்குத் தெரியாததா?" என்றார் அவர் அவளுக்கு மட்டும் கேட்கும்படி. பிறகு உரக்க, "அப்படியெல்லாம் எடுத்தேன் கவுத்தேன்னு பண்ணக் கூடாது. இவனுக்கு அனுபவம் கிடையாது. சும்மா வீடியோ பாத்துட்டுச் சொல்றான். மூணாவது கொட்டேஷன் வரட்டும். திங்கக்கிழமை இதையும் சேத்து நாலாவது கட்டம் போட்டுப் பாத்துடலாம்" என்றார்.

ராகேஷ் கண்ணாடியைக் கழற்றி மெஷின்மேல் வைத்தான். மடித்த சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டான்.

"பர்வாலேதுப்பா" என்றான். "திங்கக்கிழமை பாத்துக்கலாம்."

எட்டு மாதத்துக்கு முன்னால் அறைக்குள் போகும்போதும் அவன் இதைத்தான் சொன்னான். இதே குரலில், கோபமே இல்லாமல்.

வீட்டுக்கு வந்ததும் ராகேஷ் அப்பாவின் செருப்பைக் கழற்றி, இருந்த இடத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது.

சாப்பிடும்போது ஜெகநாதன் பேசிக்கொண்டே இருந்தார். பாலாநகர் பார்ட்டியை எப்படி மடக்குவது, பழைய மெஷினுக்குத் தனியாக ஒரு இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் எழுதினால் என்ன, யாரிடம் கேட்கலாம். மனிதருக்கு முகம் ஜொலித்தது. நாலு வருஷமாக ஜன்னலோரம் பேப்பரை வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தவர்தான் இவர். மங்கை மோர் ஊற்றினாள். இவரை எப்படி வாயை மூடுங்கள் என்று சொல்வது? அங்கே ஒருத்தன் எழுந்து வர இது வேண்டும். இங்கே ஒருத்தர் எழுந்து உட்கார்ந்ததும் இதனால்தான். பற்றிக்கொண்டுதான் வந்தது அவளுக்கு. யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்து அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, அவன் காலையிலேர்ந்து எத்தனை பேசினான் தெரியுமா? நான் எண்ணிகிட்டே வந்தேன். கடையில சிரிச்சான். பாத்தீங்களா நீங்க?"

"பாக்கலையே."

"நீங்க அளந்துகிட்டிருந்தீங்க."

ஜெகநாதன் பட்டியலை மடித்தார். பிரித்தார். "நான் வேணாம்னா சொன்னேன்? முறையா வாங்கலாம்னுதானே சொன்னேன்?"

"அவன் உங்க ஆபீஸ் இல்லீங்க."

"ஆபீஸுன்னா அவ்ளோ எளக்காரமா? அவசரம்னு ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு கொட்டேஷன்ல கையெழுத்துப் போட்டேன். என்ன ஆச்சு?"

ராகேஷுக்கு அப்போது மூணு வயசு. ஒரு கம்ப்ரசர். உற்பத்தி லைன் நின்றுபோயிருக்கிறது, உடனே வேண்டும் என்று மேலிருந்து நச்சரித்ததால் ஜெகநாதன் ஒரே பார்ட்டியிடம் வாங்கிக் கொடுத்தார். எவனோ மொட்டைக் கடிதம் போட்டான். இரண்டு வருஷம் விசாரணை. கேன்டீனில் யாரும் இவர் மேஜையில் உட்காரமாட்டார்கள். வீட்டில் டி.வி. போட்டால், "சந்தோஷமா இருக்கோம்னு நெனப்பாங்க, அமத்து" என்பார். கடைசியில் குற்றமில்லை என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. இவர் அதை லாமினேட் பண்ணி வைத்திருக்கிறார். அந்த இரண்டு வருஷமும் பக்கத்தில் படுத்திருந்தவள் மங்கை.

பிள்ளைக்கு இதில் ஒன்றும் தெரியாது. சொல்லக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.

"அன்னிக்கு வேற" என்றாள் மெதுவாக. "இன்னிக்கு உங்கள யாரு கேள்வி கேக்கப் போறாங்க? அந்த மெஷினு நாளைக்கே உடைஞ்சு போவட்டும். அவன் ஒரு மாசம் கதவைத் தொறந்து வெச்சிருந்தா போதும் எனக்கு. மெஷினு கைய விட்டுப் போயிடும்ங்க. இப்ப விட்டா நம்ம புள்ள திரும்ப உள்ள போயிடுவான். அப்புறம் எதக் கொடுத்தும் கூப்பிட முடியாது."

ஜெகநாதன் மூடின கதவைப் பார்த்தார். இவ்வளவு நேரமும் அவருக்குப் புரியாமல் இருந்திருக்கும் என்று மங்கை நினைக்கவில்லை. புரிந்ததும் கை வரவேண்டுமே. முப்பத்தொரு வருஷப் பழக்கம். கடைசியில் போனை எடுத்தார். மூன்றே கால் மணி.

"பாய், ஜெகநாதன் பேசறேன். காலையில வந்தமே. அந்தப் பச்சை மெஷினு..." ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தார். "எடுத்துக்கறோம். பில்லு வேணாம். ஒண்ணும் வேணாம். இப்பவே வரேன்."

மங்கை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். அந்த முகம் மெல்ல மாறிக்கொண்டே வந்தது.

"எப்ப?" என்றார். "சரி... பேரு? ... போன் நம்பர் வாங்கலையா?"

நூர் முகமதுவின் குரல் வெளியில் கேட்டது. "பேரு உமேஷ் சார். சர்லபள்ளியில ஏதோ பட்டறை ஷெட்டுன்னாரு. அவ்ளோதான் தெரியும். ரெண்டரை மணிக்கு ஏத்திட்டுப் போயிட்டாரு. பில்லா, கில்லா, நம்பரு எங்க இருக்கும் எங்கிட்ட? நான் ரெண்டு மணி வரைக்கும் போன் வரும்னு பாத்துகிட்டுதான் இருந்தேன் சார்."

போனை வைத்ததும் ஜெகநாதன் பட்டியலைத் திருப்பி, பின்பக்கம் 'உமேஷ், சர்லபள்ளி' என்று எழுதினார். அதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

"நீ போய்ச் சொல்லிடு மங்கை."

"நான் மாட்டேன்."

"அப்ப நான் எப்படிச் சொல்வேன்?"

இரண்டு பேரும் கதவுக்கு முன்னால் போய் நின்றார்கள். ஜெகநாதன் தட்டுவதற்குக் கையைத் தூக்கினார். இறக்கினார். அறுபத்து நாலு வயது மனிதர் பள்ளிக்கூடத்துப் பையன்போலத் திரும்பிப் பார்த்தார். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாம் என்று பேசிக்கொண்டார்கள். அவன் சாப்பிடவே வரமாட்டானே என்று இரண்டு பேருக்குமே தெரியும்.

ஏழரை மணிக்குக் கதவு திறந்தது.

"அம்மா, பசிக்குது."

மங்கை கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். ராகேஷ் தலையெல்லாம் ஒட்டடையோடு நின்றுகொண்டிருந்தான். கையில் டேப். அவன் தோளுக்குப் பின்னால் அறை தெரிந்தது. கட்டிலைச் சுவரோரம் நகர்த்தியிருந்தான். எட்டு மாதமாக அவன் முகத்தில் நீல வெளிச்சம் அடித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைக் கழற்றி, போர்வையில் சுற்றிக் கீழே இறக்கியிருந்தான். தேக்கு மேஜை காலியாக, துடைத்து, ஜன்னலோரம் கிடந்தது.

"உள்ள வா, பாரு. இங்கதான் வெக்கப் போறேன். பிளக்கு பாயிண்ட் பக்கத்துலயே இருக்கு. மேஜை தாங்கும்மா, நான் மேல ஏறி நின்னு பாத்தேன்."

"ம்" என்றாள் மங்கை.

சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தான். நாலு சப்பாத்தி சாப்பிட்டான். பேசினான். முதலில் ஒரு திருகாணி செய்வானாம். அப்புறம் அம்மாவின் பீரோ கைப்பிடி உடைந்து கிடக்கிறதல்லவா, அதற்குப் பித்தளையில் ஒன்று. மங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். இத்தனை நாள் இந்தப் பேச்சுக்காகத்தான் ஏங்கினாள். வந்தபோது ஒரு வாய்கூட இறங்கவில்லை.

"அப்பா" என்றான் ராகேஷ்.

ஜெகநாதன் தலையைத் தூக்கினார்.

"கடையில எனக்குக் கோவம் வந்திச்சு. அப்புறம் யோசிச்சேன். நீங்க சொன்னது கரெக்டுதான். இவ்ளோ நாள் ஒண்ணுமே கேக்காதவன் திடீர்னு கேட்டா பயமாதான இருக்கும்? மூணு நாளா எனக்காக எத்தனை பேருக்கு போன் பண்ணீங்க! உள்ளேருந்து கேட்டுகிட்டுதான் இருந்தேன்." சப்பாத்தியைப் பிய்த்தான். "திங்கக்கிழமை மூணாவது கொட்டேஷன் வரட்டும். பாருங்க. ஆனா நம்ம எடுக்கறது அந்தப் பச்ச மெஷின்தானே?"

மங்கை கணவரைப் பார்த்தாள். சொல்லிவிடுங்கள். இப்போதே சொல்லிவிடுங்கள். இதைவிட நல்ல நேரம் வராது. கண்ணாலேயே கெஞ்சினாள். சொல்லாதீர்கள் என்றும் அதே கண்தான் கெஞ்சியது.

"ஆமாண்டா" என்றார் ஜெகநாதன். "அதேதான்."

"ஷ்யூரா?"

"நான் சொல்றேன்ல."

ராகேஷ் கையைக் கழுவிக்கொண்டு, டேப்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

ஜெகநாதன் தட்டில் விரலால் கோடு போட்டுக்கொண்டிருந்தார். "காலையில ஆறு மணிக்கே சர்லபள்ளி கெளம்பறேன்" என்றார் தாழ்ந்த குரலில். "உமேஷ்னு கேட்டா யாராவது சொல்ல மாட்டாங்களா?"

"எத்தனை ஷெட்டு இருக்கும் அங்க?"

"எரநூறு, முந்நூறு இருக்கும்."

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைங்க. எல்லாம் பூட்டியிருக்கும்."

உள்ளே ராகேஷ் டேப்பை இழுத்து மேஜையை மறுபடியும் அளந்துகொண்டிருந்தான்.